ராகு காலம் முடிய இருபது நிமிடம்

என் அண்ணன் கோகுலராஜ் எதைச் செய்தாலும் நாலு பேர் பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத காரியத்தை அவன் செய்ய மாட்டான். அப்பா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். அந்த அறைக்குள் அவன் எட்டிப் பார்த்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்பா செத்த அன்று மட்டும் வாசலில் மூன்று கூடாரம் போட்டான். ஒன்று உட்கார, ஒன்று சாப்பிட, ஒன்று கார்கள் நிற்க.

மலாக்காவில், புக்கிட் காத்திலில் அவன் வீட்டின் பின்னறையில்தான் நானும் அப்பாவும் இருந்தோம். புருஷன் விட்டுப்போன பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பகலில் அண்ணனுடைய லாரிப் பட்டறையில் போன் எடுப்பேன், ஸ்பேர் பார்ட்ஸ் சொல்லி வரவழைப்பேன். மிச்ச நேரம் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து, கஞ்சி ஊட்டுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஷாமினி நல்லவள் என்று எல்லாரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன்.

அப்பா காளிமுத்து, பத்து பெரண்டம் என்கிற ஊரில் விமான நிலையத்தை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். தலைக்கு மேலே சின்ன விமானங்கள் பறந்துகொண்டே இருக்கும். ஒருநாளும் அவர் அதில் ஏறவேண்டும் என்று சொன்னதில்லை. சத்தம் தாங்கவில்லை என்றுதான் திட்டுவார். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கு ஒரே ஆச, பிளேன்ல போவணும்னு. சாம்பலாவது பறக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியாது. மூன்றாம் நாள் கடலில் கரைத்திருக்க வேண்டிய சாம்பல், விமானம் கிடைப்பதற்காக எட்டு நாள் கொல்லைப்புறத்தில் காத்திருந்தது.

விமானம் ஓட்டுவதற்காக ஃபிளையிங் கிளப்பிலிருந்து வந்தவள் ஒரு பெண். ஸ்டெஃபனி. இருபத்தாறு வயது இருக்கும். தஞ்சோங் கிளிங்கைச் சேர்ந்தவள். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. பெரிய விமானக் கம்பெனியில் சேர அவளுக்கு இன்னும் நூறு மணி நேரம் பறந்தால் போதும் என்று என்னிடம் சொன்னாள். அதற்காகத்தான் யார் கூப்பிட்டாலும் போகிறாளாம். படம் பிடிக்கிறவர்கள், கல்யாண ஜோடிகள், இப்போது நாங்கள்.

"அக்கா, சாம்பல் கரைக்க நான் போறது இதான் மொதல் தடவ. ஏதாவது தப்பா செஞ்சா சொல்லுங்க" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் கொட்டோ கொட்டென்று மழை. எட்டு மணிக்கு விட்டது. ஆனால் காற்றில் ஈரம் சொட்டியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. விமானத்தின் பக்கத்தில் நிற்கவைத்து ஸ்டெஃபனி எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது, கதவை எப்படித் திறப்பது, பின்னால் உட்காருகிறவர் வெளியே வர முன் சீட்டை எப்படி மடக்குவது. பிறகு, முன்பலகையில் இருந்த ஒரு குமிழைக் காட்டினாள்.

"இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி. இஞ்சினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் சேர்ற எடத்துல ஐஸ் புடிக்கும். அப்ப இந்தக் குமிழ வெளிய இழுப்பேன். சூடான காத்து உள்ள போயி ஐஸ உருக்கும். உருகுன தண்ணி இஞ்சினுக்குள்ள போறப்போ அது இருமும், குலுங்கும். ஒரு அர நிமிசம் முன்னவிட மோசமாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. அது சரியாவுறதுக்குத்தான் அப்படிச் செய்யும்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் போனில் இருந்தான். செர்காம் கடற்கரையில் கூடியிருந்த சொந்தக்காரர்களிடம், எங்கே நின்றால் விமானம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐஸ் என்ற சொல் மட்டும் அவன் காதில் விழுந்தது.

"ஐஸா? இந்த வெயில்லயா? ஏம்மா, மலாக்காவுல ஐஸ் செண்டோல் கிண்ணத்துலதான்லா இருக்கும்" என்று சிரித்தான்.

ஸ்டெஃபனியும் மரியாதைக்குச் சிரித்தாள். "வெளிய சூடு இருந்தாலும் புடிக்கும் அங்கிள். கையில பெட்ரோல் பட்டா சில்லுனு இருக்கும்ல, அந்த மாதிரி."

"முப்பது வருசம் இஞ்சின்ல கைய விட்டவன்மா நானு. எனக்கே சொல்றியா?"

முப்பது வருஷம் கையை விட்டது உண்மைதான். டீசல் லாரிகளில். அவள் சொன்ன அந்த இடம் டீசல் லாரியில் கிடையவே கிடையாது. பட்டறையில் போன் எடுக்கிற எனக்கே அது தெரியும். நான் சொல்லவில்லை. அண்ணன் பேசும்போது இடையில் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அண்ணன் முன்னால் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தான். பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றியில் பட்டை, அதற்கு மேலே ஹெட்செட். நான் பின்னால். சிவப்புத் துணி கட்டிய கலயம் என் மடியில். மகள் கரைக்கக் கூடாது, மகன்தான் கரைக்க வேண்டும், மகள் அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று பூசாரி சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் பிடித்த பழக்கம், இன்னும் ஒரு மணி நேரம் பிடிப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. பயமாகக்கூட இல்லை. கலயம் மடியில் லேசாக இருந்ததுதான் அழுகையாக வந்தது. கடைசி மாதங்களில் அப்பாவைப் புரட்டிப் போடுவதற்குள் என் இடுப்பு ஒடிந்துவிடும்.

செர்காமுக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு நாற்பது. கீழே பழுப்புத் தண்ணீர், கரையில் குடைகள், கார்கள், கையசைக்கிற சின்னச் சின்ன ஆட்கள். அண்ணன் ஜன்னல் வழியாகக் கையசைத்தான். ஸ்டெஃபனி கேட்டாள்.

"அங்கிள், இப்பக் கரைக்கலாமா?"

"இப்பவா? ஒம்போது மணி வரைக்கும் ராகு காலம்மா. பூசாரி எழுதியே குடுத்திருக்காரு. ஒம்போது தாண்டித்தான்."

"அப்படின்னா திரும்பிப் போயி ஒம்போதுக்கு வரலாம். இல்ல, ஒசரத்துக்குப் போயி சுத்தலாம். இந்த மாதிரி கீழயே மெதுவா சுத்துறது இன்னிக்கு நல்லதில்ல."

"ஒசரத்துக்குப் போனா கீழ இருக்குறவங்களுக்கு என்னம்மா தெரியும்? மெதுவாவே சுத்து. வீடியோ எடுக்குறாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்வேன் என்று எதிர்பார்த்தாளோ. நான் கலயத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு நூறு மணி நேரம் வேண்டும். கோபக்கார வாடிக்கையாளர் வேண்டாம்.

ராகு காலம் முடிய இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் நாங்கள் இஞ்சின் சக்தியைக் குறைத்து, தாழ்வாக, ஈரக் காற்றுக்குள் வட்டமடித்தோம். ஸ்டெஃபனி ஒரு தடவை அந்தக் குமிழை இழுத்தாள். இஞ்சின் இருமியது. அண்ணன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சத்தம் சீராகி, முன்பைவிட நன்றாக ஓடியது. அவள் குமிழை உள்ளே தள்ளினாள்.

"அதப்போயி ஏன் நோண்டுற? நல்லாத்தான ஓடுது?" என்றான் அண்ணன்.

"ஐஸ் புடிச்சிருந்துச்சு அங்கிள். இப்பப் போயிருச்சு."

"ஐஸாம் ஐஸு."

எட்டு ஐம்பத்தைந்துக்கு மறுபடி சத்தம் மாறியது. எனக்கே தெரிந்தது. மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி இஞ்சின் திணறியது. முன்பலகையில் இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்டெஃபனி குமிழை முழுசாக வெளியே இழுத்தாள். உடனே முன்னைவிட மோசமாகக் குலுங்க ஆரம்பித்தது. கலயத்தின் மூடி கடகடவென்று ஆடியது. அவள் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. அரை நிமிஷம் மோசமாக இருக்கும் என்றாள். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழு எண்ணுவதற்குள் அண்ணன் கையை நீட்டி அந்தக் குமிழை உள்ளே குத்தினான்.

"நீதான் அதக் கெடுக்குற! நீ இழுத்தாத்தான் நிக்கிது!"

"அங்கிள், கைய எடுங்க! கைய எடுங்க!"

அவள் இழுத்தாள். அவன் தள்ளினான். அவனுடைய கை லாரி டயர் கழற்றுகிற கை. குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து, வேட்டி விலக, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு கையால் விமானத்தைப் பிடித்தபடி மறு கையால் அவன் மணிக்கட்டை அடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணே கைய எடு என்று மூன்று சொல். எடு என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பானா தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

இஞ்சின் நின்றது. திடீரென்று காற்றின் இரைச்சல் மட்டும்.

அண்ணன் கையை எடுத்துவிட்டான். ஸ்டெஃபனி அதன்பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. வானொலியில் எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்று நிதானமாகச் சொன்னாள். என்னிடம் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கப்போவதாகவும், தலையைக் குனிந்துகொள்ளும்படியும் சொன்னாள். இயேசுவே என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கரையில் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோவை நான் பிறகு பார்த்தேன். விமானம் தாழ்ந்து வரும்போது எங்கள் சித்தி கைதட்டுகிறாள்.

தண்ணீர் கல்லாக இடித்தது. விமானம் மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. பழுப்புத் தண்ணீர் உள்ளே ஏறியது. அண்ணன் தன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனான். போகும்போது சீட்டை மடக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. உயிர்ப்பயத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெஃபனி அப்படிச் செய்யவில்லை.

அவளும் முதலில் வெளியே போய்விட்டாள். மேலே போய் மூச்சு எடுத்திருக்கிறாள். இரண்டு தலைகளில் ஒன்று இல்லை என்று பார்த்திருக்கிறாள். மறுபடி உள்ளே வந்தாள். இடது தோள் எலும்பு முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் சீட்டை மடக்கி என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். நான் வரவில்லை. கலயத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மேலாக மிச்சமிருந்த காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் கத்தினாள்.

"அக்கா, கலயத்த விடுங்க! விடுங்கக்கா!"

நான் விடவில்லை. என் கையில் ஓங்கி அடித்தாள். கலயம் நழுவி எதிலோ மோதி உடைந்தது. தண்ணீருக்குள் சாம்பல் என் கையைச் சுற்றிப் புகை மாதிரி விரிந்து போனது. என் கையிலிருந்துதான் போனது. மகள் கையிலிருந்து. மணி ஒன்பது தாண்டியிருந்ததா என்று யாருக்குத் தெரியும்.

செர்காம் மீனவர்கள் படகில் வந்து எங்களைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் ஸ்டெஃபனிக்கும் அடுத்தடுத்த கட்டில். அவளுக்குத் தோளில் கட்டு, முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. அவளுடைய அப்பா செபாஸ்டியன், ஹோட்டல் வேன் ஓட்டுகிறவர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மகள் என்னைக் காப்பாற்றியதற்கு அவர் என்னைக் கும்பிட்டார். மனிதர்கள் சில பேர் அப்படி.

"அக்கா, நீங்க பாத்தீங்கல்ல? அங்கிள் அதப் புடிச்சு அழுத்துனத?" என்றாள் ஸ்டெஃபனி.

"பாத்தேம்மா."

"விசாரண வரும். அந்த ஐஸ் உருகிப் போயிருக்கும்க்கா. காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. நீங்க ஒருத்தர்தான்."

"சொல்றேம்மா. நான் சொல்லாம யாரு சொல்லுவா."

அவள் நல்ல கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அடித்த இடம் அப்போது நீலம் பாரித்திருந்தது. அதைத் தடவிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. கூடாரம் மறுபடி மூன்று. அண்ணன் நெற்றியில் மூன்று தையல். சோற்றுப் பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொன்னான்.

"அந்தப் பொண்ணு எதையோ நோண்டி இஞ்சின நிப்பாட்டிருச்சு. சின்னப் பொண்ணுங்ககிட்ட இதையெல்லாம் குடுத்தா இப்படித்தான். விழப்போற நேரத்துலயும் நான் கலயத்த விடலையே. ஒம்போது அடிச்சிச்சா, அப்பான்னு சொல்லிக் கரைச்சேன். அப்புறந்தான் விழுந்தோம். வேணும்னா ஷாமினியக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரசவாளியோடு நின்றுகொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பாவின் சாம்பலையும் அன்றைக்கு அவனிடம் கொடுத்துவிட்டேன். அது முதல் பொய். ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிடலாம் என்பதால் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் என் அறைக்கு வந்தான். அப்பா கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"விசாரணக்காரங்க ஒன்ன வெள்ளிக்கிழம வரச் சொல்லியிருக்காங்களாமே."

"ஆமாண்ணே."

"பிரயாணி கைய வச்சதாலதான் விழுந்துச்சுன்னு சொன்னா, என்னப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. பட்டறைய மூடணும். அண்ணியும் நீயும் எங்க போவீங்க? அந்தப் பொண்ணுக்கு வயசிருக்கு. வேற வேல கெடைக்கும்." கையால் முகத்துக்கு விசிறிக்கொண்டான். "இந்த ரூமுக்கு ஏர்கான் போடலாம்னு இருக்கேன். ரொம்ப வேக்காடா இருக்குல்ல."

அப்பா இரண்டு வருஷம் அந்த வேக்காட்டில்தான் கிடந்தார். முதுகெல்லாம் புண். ஒரு ஏர்கான் வை அண்ணே என்று நான் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தேன். அவன் கழுத்தை நெரித்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "சரிண்ணே."

விசாரணை அதிகாரி ஒரு மலாய்க்காரர். மரியாதையான மனிதர். மலாய் மரியாதைப்படி என்னைப் புவான் ஷாமினி என்று கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். விமானத்தைக் கடலிலிருந்து தூக்கிவிட்டார்களாம். அந்தக் குமிழ் உள்ளே தள்ளியபடி இருந்ததாம். அந்தக் காலையின் ஈரத்துக்கு அதை இழுத்திருக்க வேண்டுமாம். தான் இழுத்ததாகவும் பிரயாணி தள்ளிப் பிடித்துக்கொண்டதாகவும் விமானி சொல்கிறாள், பிரயாணி இல்லை என்கிறார். உங்களுக்கு என்ன தெரியும் என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

"விமானி கத்தினாளாமே. கையை எடுங்கள் என்று. ஹெட்செட்டில் கேட்டிருக்குமே?"

"என் ஹெட்செட் சரியாக வேலை செய்யவில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "புவான், அந்தப் பெண்தான் உங்களை வெளியே எடுத்தாள் என்று மீனவர்கள் சொல்கிறார்கள்."

"ஆமாம். அவளுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு கேவலமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை. உண்மையான வாக்கியம் என்பதுதான் அதன் கேவலம்.

ஏர்கான் அடுத்த வாரமே வந்தது. நன்றாகக் குளிரும்.

ஸ்டெஃபனி போன் செய்தாள். எடுக்கவில்லை. பதினோரு தடவை. அப்புறம் ஒரு குறுஞ்செய்தி: "அக்கா, பயமா இருந்தா பரவாயில்ல. நான் வந்து பேசவா?" அதற்கும் பதில் போடவில்லை. நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விமானி உரிய நேரத்தில் உரிய கட்டுப்பாட்டைப் பயன்படுத்தவில்லை. உரிமம் ரத்து. அண்ணன் அதைப் பட்டறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினான். நானும் ஐஸும் சேர்ந்து செய்த காரியம். அது உருகிப் போய்விட்டது, நான் இருக்கிறேன்.

போன மாதம் அண்ணி பாக்கியலட்சுமிக்குப் பிறந்தநாள். தஞ்சோங் கிளிங்கில் கடலோர ஹோட்டல் ஒன்றில் சாப்பாடு என்றான் அண்ணன். நீள மேசை, பதினான்கு பேர். பண்ணையில் வளர்த்த இறாலா, கடல் இறாலா என்று ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோது, தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கறுப்புச் சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை. வலது கையில் மட்டும் தட்டைத் தாங்கியிருந்தாள். இடது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

நான் பார்ப்பதற்கு முன்பே அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

தட்டை அங்கங்கே மேசையில் இறக்கிவைத்து, அதே வலது கையால் ஒவ்வொருவர் முன்னாலும் கிளாஸ் வைத்துக்கொண்டே வந்தாள். என் பக்கம் வந்தபோது குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அக்கா, அப்பீல் போட்டிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமதான் கடைசி நாள். ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். வேற யாரையும் நான் கேக்க முடியாதுக்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கிளாஸை வைத்த கை என் கைக்குப் பக்கத்திலேயே நின்றது. கடலுக்குள் என் ஜாக்கெட்டைப் பிடித்த கை. சொல்லு, சொல்லு என்று எனக்குள் ஒருத்தி அலறினாள். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அண்ணன் அவளைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகம் செத்தது. அடுத்த நொடி மேசை முழுக்கத் தன்னைப் பார்ப்பதைக் கண்டுகொண்டான். பார்க்க ஆள் இருந்தால் அவனுக்குத் தைரியம் வந்துவிடும். தன் கிளாஸைத் தூக்கி ஆட்டினான். ஐஸ் கட்டிகள் கலகலத்தன.

"அடடே, நம்ம பைலட்டம்மா! பாத்தியாம்மா, நான் அன்னிக்கே சொன்னேன்ல? மலாக்காவுல ஐஸ் எங்க இருக்கும்னு? இந்தா, இதுலதான்லா இருக்கு!"

சித்தி சிரித்தாள். அண்ணி சிரித்தாள். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரித்து முடித்து எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்த நீதான் சிரிக்க வேண்டும் என்கிற மாதிரி. ஸ்டெஃபனியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன்.

சத்தமாகவே சிரித்தேன். அவள் என் முன்னால் வைத்த கிளாஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். காலித் தட்டை வலது கையில் இடுக்கிக்கொண்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று மேசையைப் பொதுவாகக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் ஐஸ் கொண்டு வரச் சொன்னான் அண்ணன். அவள் கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் பட்டறைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஏர்கானைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு ஆபீஸ்கள் மூடுகிற வரைக்கும் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து அடித்ததும் எழுந்து போய் முகம் கழுவி, அண்ணனுக்குத் தேத்தண்ணி கலக்கினேன்.